வரி விளம்பரங்கள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நாளிதழ்களில் வரி விளம்பரப் பக்கங்கள் மெலிந்துவிட்டன. வீடு வாடகைக்கு, பழைய பைக், மணமகள் தேவை என்று எல்லாமே செல்போனுக்குப் போய்விட்டன. 'அச்சு விளம்பரத்தின் கதை முடிந்தது' என்கிறார்கள் பலர். இதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியையும் நம்பினால் நஷ்டம் நமக்குத்தான்.

நம்பிக்கை 1: சில விளம்பரங்கள் போனால் பத்திரிகைக்கு என்ன குறைந்துவிடும்?

உண்மை: சான் பிரான்சிஸ்கோவில் கிரெய்க் நியூமார்க் 1995-ல் நண்பர்களுக்காகத் தொடங்கிய மின்னஞ்சல் பட்டியல்தான் 'கிரெய்க்ஸ்லிஸ்ட்' ஆக வளர்ந்தது. அங்கே பெரும்பாலான விளம்பரங்களுக்குக் கட்டணம் கிடையாது. அமெரிக்க நாளிதழ்களின் வரி விளம்பர வருமானம் 2000-ல் 1,900 கோடி டாலருக்கு மேல் இருந்தது. 2012-ல் 500 கோடிக்கும் கீழே போனது. பொருளாதார மந்தமும் இதில் சேர்ந்துகொண்டது. நகராட்சிக் கூட்டத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நிருபரை அனுப்ப உதவிய பணம் அது. வாசகர்கள் கவலைப்பட வேண்டிய இழப்பு இதுதான்.

நம்பிக்கை 2: இணையச் சந்தையும் பத்திரிகையும் பிறவிப் பகைவர்கள்.

உண்மை: நார்வேயின் பெரிய இணையச் சந்தையான 'ஃபின்'னை 2000-ல் தொடங்கியதே பத்திரிகை நிறுவனங்கள்தான். ஷிப்ஸ்டெட் குழுமம் வட்டார நாளிதழ்களுடன் சேர்ந்து அதை நடத்தியது. போகிற விளம்பரம் நம் கைக்குள்ளேயே போகட்டும் என்று அவர்கள் முந்திக்கொண்டார்கள். மற்ற நாடுகளில் பல பத்திரிகைகள் அந்த வாய்ப்பை நழுவவிட்டன.

நம்பிக்கை 3: அச்சு விளம்பரத்துக்கு இனி வேலையே இல்லை.

உண்மை: வாங்குவது, விற்பது இணையத்துக்குப் போய்விட்டது. ஊரறியச் சொல்லும் வேலை இன்னும் அச்சில்தான் இருக்கிறது. நம் நாட்டில், வழக்கில் எதிராளியிடம் சம்மனை நேரில் சேர்க்க முடியாதபோது, அவர் கடைசியாக வாழ்ந்த பகுதியில் வரும் நாளிதழில் விளம்பரம் செய்ய நீதிமன்றம் உத்தரவிடலாம். கடன் பாக்கிக்காக வங்கி ஒரு வீட்டைச் சட்டப்படி சுவாதீனம் எடுத்தால், இரண்டு நாளிதழ்களில் அறிவிப்பு வர வேண்டும். அதில் ஒன்று வட்டார மொழி நாளிதழ். இது வங்கிக் கடன் வசூலுக்கான சர்ஃபேசி சட்டத்தின் கீழ் 2002-ல் வந்த விதி. தேதியோடு அச்சான தாளை யாரும் மறுநாள் திருத்தவோ நீக்கவோ முடியாது. பத்திரத்தைத் தொலைத்தவர்களும் மனை வாங்கப்போகிறவர்களும் இதனால்தான் இன்னும் பத்திரிகையில் பொது அறிவிப்பு கொடுக்கிறார்கள்.

நம்பிக்கை 4: இணையத்தில் ஏமாற்று, அச்சில் வந்தால் நம்பலாம்.

உண்மை: விளம்பரத்தில் இருப்பதை விசாரித்து முடிவெடுங்கள் என்று நாளிதழ்களே அச்சிடுகின்றன. போலி வேலைவாய்ப்பு விளம்பரம் எங்கும் வரலாம். இணையத்தில் ஏமாற்றும் வேகம்தான் அதிகம். 'ராணுவத்தில் இருக்கிறேன், பணம் அனுப்புகிறேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள்' என்பது பழகிப்போன மோசடி. பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை. அதைக் கேட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகப்போகிறது என்று பொருள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

பழைய கட்டிலை செல்போனில் விற்றுவிடுங்கள். சொத்து வைத்திருப்பவர்கள், வாங்கப்போகிறவர்கள் மட்டும் பொது அறிவிப்புப் பக்கத்தைப் புரட்டாமல் நாளிதழை மடித்து வைக்காதீர்கள். உங்கள் சர்வே எண் அதில் இருந்தால், அறிவிப்பில் சொன்ன கெடு முடிவதற்குள் வழக்கறிஞர் மூலம் ஆட்சேபம் தெரிவியுங்கள்.