சிபாப் போட்டுத் தூங்கினால் எடை குறையுமா?

உறக்க மூச்சுத்தடைக்கு, மாஸ்க் வழியே காற்றை அழுத்தி மூச்சுப் பாதையைத் திறந்துவைக்கும் சிபாப் மெஷின் வாங்கியவர்களில் பலர், நன்றாகத் தூங்கினால் எடை தானாக இறங்கிவிடும் என்று நம்புகிறார்கள். இறங்காது. மெஷினை மட்டும் நம்பியிருந்தவர்களுக்குச் சராசரியாகக் கொஞ்சம் எடை ஏறியிருப்பதைத்தான் ஆய்வுகள் காட்டுகின்றன. இரவெல்லாம் மூச்சுக்குப் போராடும் உடல் அதற்கென்று சக்தியைச் செலவழிக்கிறது. போராட்டம் நின்றதும் அந்தச் செலவும் நின்றுவிடும். சாப்பாடு பழைய அளவிலேயே தொடர்ந்தால் மிச்சம் இடுப்பில்தான் சேரும். எனவே மெஷின் போடுவது, எடையைக் குறைப்பது ஆகிய இரண்டு வேலைகளையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

முதலில் ஸ்லீப் ஸ்டடி ரிப்போர்ட்டை எடுத்து 'ஏஹெச்ஐ' எண்ணைப் பாருங்கள். தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்பதை அது சொல்லும். 5 முதல் 15 வரை லேசானது, 30க்கு வந்துவிட்டால் கடுமையானது, இடைப்பட்டது நடுத்தரம். அந்த எண்ணோடு இன்றைய எடை, கழுத்துச் சுற்றளவு இரண்டையும் ஒரே தாளில் குறித்துவையுங்கள். தொண்டையைச் சுற்றிப் படியும் கொழுப்பு, படுத்ததும் மூச்சுப் பாதையை நெருக்குகிறது. நாக்கிலும் கொழுப்பு சேரும்! எடை இறங்கும்போது மூச்சுத்தடை குறைவதற்கு நாக்குக் கொழுப்பு கரைவது முக்கியக் காரணம் என்று பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் ஸ்கேன் மூலம் காட்டினார்கள்.

அடுத்து, மெஷினைப் பழகுங்கள். ஒரு இரவுக்கு 4 மணி நேரம் என்பது குறைந்தபட்சக் கணக்குதான். தூங்கும் நேரம் முழுக்க, மதியத் தூக்கத்திலும், மாஸ்க் முகத்தில் இருக்க வேண்டும். வாய் வறண்டால் ஈரப்பதம் தரும் தண்ணீர்த் தொட்டியைப் பயன்படுத்துங்கள். காற்று கசிந்தால் வாரை இறுக்கிக்கொண்டே போகாமல் மாஸ்க்கின் அளவை மாற்றிப் பாருங்கள்.

பகல் தூக்கக் கலக்கம் விலகியதும் கிடைக்கும் தெம்புதான் எடைக் குறைப்புக்கு மெஷின் செய்யும் உதவி. அதை வீணாக்காமல் நடக்கத் தொடங்குங்கள். எடை அதிகம் இறங்காவிட்டாலும் உடற்பயிற்சியே மூச்சுத்தடையை ஓரளவு குறைக்கிறது.

சாப்பாட்டில் நான் முதலில் கைவைக்கச் சொல்வது இரவு உணவில். ஒன்பதரை மணிக்கு நான்கு தோசை, பத்தரைக்குப் படுக்கை என்ற வழக்கம் நம் வீடுகளில் சாதாரணம். படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். இரண்டு தோசை, கூடவே பருப்போ முட்டையோ சுண்டலோ போதும். மது தொண்டைத் தசைகளைத் தளர்த்திவிடும்; எடையும் போடும். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் அளவைக் கேட்காமல் உணவைக் குறைக்க வேண்டாம்.

இப்போது ஊசியும் வந்திருக்கிறது. உடல் பருமனோடு நடுத்தர அல்லது கடுமையான மூச்சுத்தடை உள்ளவர்களுக்காக டிர்செபடைட் மருந்தை அமெரிக்க எஃப்டிஏ 2024 டிசம்பரில் அனுமதித்தது. விலை அதிகம். அது தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

எடை 10 சதவீதம் குறைந்தால் ஏஹெச்ஐ சுமார் 26 சதவீதம் குறையும் என்பது அமெரிக்காவின் விஸ்கான்சின் ஆய்வு தந்த கணக்கு. அதாவது, 90 கிலோ இருப்பவர் 9 கிலோ இறக்கினாலும் 40 என்ற எண் 30ஐ ஒட்டித்தான் வந்து நிற்கும். நல்ல முன்னேற்றம்தான், குணமல்ல. இந்தக் கட்டத்தில் முகம் ஒடுங்கி மாஸ்க் தளரலாம். மெஷினின் பழைய காற்றழுத்தம் தேவைக்கு அதிகமாகி வயிறு உப்பலாம். மருத்துவரிடம் சொன்னால் அழுத்தத்தைக் குறைத்துத் தருவார்.

குறட்டை நின்றுவிட்டது என்று வீட்டார் சொல்வதை வைத்து மெஷினைப் பரணில் ஏற்றிவிடாதீர்கள். தாடை சிறிதாக அமைந்தவர்களுக்கு, ஒல்லியான பிறகும் தடை நீடிக்கலாம். மறுபடியும் ஸ்லீப் ஸ்டடி செய்து, மருத்துவர் போதும் என்று சொன்ன பிறகு நிறுத்துங்கள். அதற்குள் மாமாவும் குறட்டை விடுகிறார் என்று மெஷினை அவருக்குத் தூக்கிக் கொடுக்கவும் வேண்டாம். அதிலுள்ள அழுத்தம் உங்களுக்காக வைத்தது.