குயில் கட்டிக் கொடுக்கும் சோறு

கேள்வி: அயலார் கூட்டில் முட்டையிடும் குயில், தன் குஞ்சுக்கென முட்டையிலேயே போஷணையை அதிகம் சேர்த்து அனுப்புகிறதா?

பதில்: தாயைக் காணாமலே வளரப்போகும் பிள்ளைக்குக் கட்டுச்சோறு கனமாக இருக்கவேண்டுமென நாம் கருதுவது நியாயமே, ஆனால் ஐரோப்பியக் குயிலோ, தன் தேகம் 100 கிராம் அளவிலிருக்க, 3 கிராமுக்குச் சற்றே மேற்பட்ட முட்டையையே இடுகிறது. அளவில் இத்தனை லோபியான அப்பறவை, ஓட்டை மட்டும் தடிப்பாக அமைத்து, முட்டையை ஏறக்குறைய ஒரு நாள் கூடுதலாக வயிற்றினுள்ளேயே வைத்து உஷ்ணமூட்டி, கரு வளரத் தொடங்கிய பின்னரே வெளியிடுவதால், அதன் குஞ்சு பெரும்பாலும் கூட்டுக்குரியவற்றுக்கு முன்னதாகவே பொரிந்துவிடுகிறது. பிற்பாடு ஊட்டுவதற்கு வளர்ப்புத் தாய் இருக்கிறாளே! காக்கைக் கூட்டை நாடும் நம் குயிலின் முட்டையும் காக்கை முட்டையினும் சிறியதுதான். இச்சிக்கனத்தின் லாபம் எண்ணிக்கையில் தெரிகிறது: 1922-இல் எட்கர் சான்ஸ் என்பவர் இங்கிலாந்தில் கவனித்த ஒரே குயில், அப்பருவத்தில் 25 முட்டைகள் இட்டது.