பக்கத்து ஆலைப் படம் நம் திரைக்கு வந்துவிடுமா?

கேள்வி: எங்கள் பட்டாசு ஆலை வெம்பக்கோட்டைப் பக்கம். ஆபீஸ் சிவகாசியில், கிட்டங்கி விருதுநகரில். மூன்றையும் ஒரு எம்.பி.எல்.எஸ். வி.பி.என். இணைக்கிறது. ஆலை கேட் கேமராவை 239.1.1.1 என்ற மல்டிகாஸ்ட் முகவரியில் அனுப்பப் போகிறோம். இதே நிறுவனத்தில் லைன் வாங்கிய இன்னொரு ஆலைக்காரரும் அதே முகவரியைத்தான் வைத்திருக்கிறாராம். படம் மாறிப் போகாதா?
– வாசகர், சிவகாசி

பதில்: மாறாது. 239-ல் தொடங்கும் முகவரிகள் அவரவர் நெட்வொர்க்குக்குள் புழங்குவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. சேவை நிறுவனத்தின் விளிம்பு ரௌட்டரில் உங்களுக்கு ஒரு வி.ஆர்.எஃப்., அவருக்கு வேறொன்று. இரண்டும் தனித்தனி ரூட்டிங் அட்டவணைகள். உங்கள் பாக்கெட் உள்ளே நுழைந்ததும் அதன்மேல் இன்னோர் உறை ஏறும். பழைய முறையில் அது உங்கள் வி.பி.என்.-க்கென நிறுவனம் வைத்த வேறொரு மல்டிகாஸ்ட் முகவரி. 2012-ல் வெளியான ஆர்.எஃப்.சி. 6513, 6514 வந்தபின் எம்.பி.எல்.எஸ். லேபிளாகவும் இருக்கலாம். நடுவிலுள்ள ரௌட்டர்கள் உறையை மட்டுமே பார்க்கும். பார்சல் ஆபீஸில் பெட்டிக்குள் சரமா, சங்குசக்கரமா என்று யார் பிரித்துப் பார்க்கிறார்கள்? மேலே எழுதிய ஊரைப் பார்த்து லாரியில் ஏற்றிவிடுவார்கள்.

பழைய முறையில் அந்த வெளி முகவரியைப் பொறியாளர்தான் கையால் கொடுப்பார். கைதவறி இரண்டு வி.பி.என்.-க்கும் ஒன்றையே கொடுத்தால் நீங்கள் பயப்படுவது நடக்கும். எனவே உங்கள் வி.பி.என்.-க்குக் கொடுத்த வெளி முகவரி என்ன என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று: எம்.பி.எல்.எஸ். வி.பி.என். பிரித்து வைக்குமே தவிர, தானாக மறையாக்கம் செய்யாது.

என் கவலை வேறு. வி.பி.என். வாங்கினாலே மல்டிகாஸ்ட்டும் ஓடும் என்று நினைத்துவிடாதீர்கள். நிறுவனம் அதைத் தனியாக இயக்கித் தந்தால்தான் உண்டு. இல்லையேல் படம் ஆலை வாசலோடு நின்றுவிடும். கேமராவில் டி.டி.எல். 1 என்று இருந்தாலும் அதே கதிதான். முதல் ரௌட்டரே பாக்கெட்டைக் கைவிட்டுவிடும். அதைக் கூட்டி வையுங்கள்.

கேமரா 4 எம்.பி.பி.எஸ். அனுப்புகிறது, ஆபீஸில் 5 திரைகள் என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாக அனுப்பினால் ஆலை லைனில் 20 போகும். மல்டிகாஸ்ட்டில் 4 போதும். பார்ப்பது முதலாளி ஒருவர் மட்டும் என்றால் இவ்வளவு மெனக்கெட வேண்டாம், சாதாரண இணைப்பே போதும்.

நாளை செலவைக் குறைக்க இணையம் வழி ஐபிசெக் வி.பி.என்.-க்கு மாறினால், வழக்கமான அமைப்பில் மல்டிகாஸ்ட் போகாது. உள்ளே ஒரு ஜி.ஆர்.இ. டனல் போட்டு அதில் அனுப்புங்கள்.