பழைய டபுள் பாஸுக்கு வயது என்ன?

“ஜெர்மனியில் செய்த டபுள் பாஸ். நூறாண்டுப் பழமை. விலைக்கு வந்துள்ளது.” இப்படி ஓர் அறிவிப்பைக் கண்டால் உடனே நம்பிவிடலாமா? வயலின் குடும்பத்தில் மிகப் பெரிய கருவி டபுள் பாஸ். உயரம் ஏறத்தாழ 1.8 மீட்டர். பழமை கூடினால் விலையும் கூடும். ஆகவே வாங்குபவர் இரண்டு செய்திகளைச் சோதிக்க வேண்டும்: சொன்ன வயது சரியா? கருவி உறுதியாக உள்ளதா?

முதலில் வயதைப் பார்ப்போம். சாக்சனியின் மார்க்நாய்கிர்ஷென், பவேரியாவின் மிட்டன்வால்ட் ஆகிய ஊர்கள் இக்கருவிகளுக்குப் பெயர் பெற்றவை. பெட்டியின் எஃப் வடிவத் துளை வழியே நோக்கினால், உள்ளே ஒட்டிய சீட்டு தெரியலாம். அதில் ‘ஜெர்மன் ஜனநாயகக் குடியரசு’ என்றிருந்தால் நூறாண்டுக் கதை பொய்யாகிவிடும். ஏனெனில் அந்நாடு 1949 முதல் 1990 வரைதான் இருந்தது. ஆனால் சீட்டை யாரும் எப்போதும் ஒட்டலாம் அன்றோ?

மரத்தின் சாட்சி இன்னும் வலுவானது. மேற்பலகை பெரும்பாலும் ஸ்புரூஸ் மரம். துளையின் விளிம்பில் அடுக்கடுக்காகத் தெரிந்தால் அது ஒட்டுப்பலகை. முழுமரமாயின், அதன் நெடுங்கோடுகள் ஆண்டு வளையங்களே. ஆண்டுதோறும் வெப்பமும் மழையும் மாறுவதால் வளையங்களின் அகலமும் மாறுகிறது. இவ்வரிசையைக் காலம் தெரிந்த மரங்களின் வரிசையோடு பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு வளையமும் உண்டான ஆண்டைக் கணிக்கிறார்கள்.

இசை நடத்துநர் செர்ஜ் கூசெவிட்ஸ்கி வைத்திருந்த டபுள் பாஸை, இத்தாலியின் அமாட்டி சகோதரர்கள் 1611இல் செய்ததாக நெடுங்காலம் நம்பினர். 2005இல் வெளியான ஆய்வு, அதன் கடைசி வளையம் 1761ஆம் ஆண்டுக்குரியது எனக் காட்டியது. 1761இல் வளர்ந்துகொண்டிருந்த மரம் 1611இல் கருவியாகியிருக்க முடியுமா? ஒன்றை மறவாதீர்கள்: கருவி 1761இல் பிறந்தது என்றும் இதற்குப் பொருளில்லை. வெளி வளையங்கள் இழைப்பில் போயிருக்கலாம். பலகை உலரப் பல ஆண்டுகள் காத்திருக்கலாம். வளையம் சொல்வது ‘இதற்கு முன்பு அன்று’ என்பதை மட்டுமே.

இனி உறுதி. 4 கம்பிகளின் இழுவிசை, மொத்தத்தில் 100 கிலோகிராம் எடைக்கும் மேல். அதில் ஒரு பகுதி குதிரை வழியே மேற்பலகையை அழுத்துகிறது. குதிரையின் ஒரு காலுக்கருகே, பெட்டிக்குள் ஒரு மரக்குச்சி முட்டுக்கொடுத்து நிற்கிறது. அந்த இடத்தில் விரிசல் இருந்தால் கவலைக்குரியது. பலகையைக் கழற்றி, உட்புறம் மரம் பதித்துச் செப்பனிட வேண்டும். விளிம்பில் பசை விட்ட நீண்ட இடைவெளி பார்க்க அச்சமூட்டினாலும், மீண்டும் ஒட்டினால் பெரும்பாலும் போதும்.

இப்போது நீங்களே ஆராயுங்கள். இரண்டு கருவிகளின் சீட்டிலும் 1898 என்று உள்ளது. கடைசி வளையம் ஒன்றில் 1911, மற்றொன்றில் 1860. மேற்பலகைகள் மாற்றப்படாதவை. எந்தச் சீட்டு பொய்? மற்றது மெய்யென்று நிரூபணமாகிவிட்டதா?