விற்ற வீடும் விலகாத அடைக்கலமும்

திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் நம் முன்னோர் கட்டிய வீடுகள் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. செஞ்சி, வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர்களில் நிலபுலம் வைத்திருந்த குடும்பங்கள், பிள்ளைகளின் படிப்பையும் அலுவலையும் எண்ணி இந்நகரங்களில் மனை வாங்கி வீடு கட்டின. அப்பிள்ளைகளின் பிள்ளைகள் இப்போது சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்தும் வாழ்கின்றனர். ஓடு சரிகிறது, வரி ஏறுகிறது, ஒருநாள் வீட்டுக்கு விலை பேசப்படுகிறது. வீட்டை விற்பது குற்றமன்று. விற்று வந்த பணத்தை எவ்வாறு காக்கிறோம் என்பதில்தான் இல்லறத்தாரின் விரதம் சோதிக்கப்படுகிறது. அதனையே இப்பாடத்தில் காண்போம்.

மூவகை வீடு

நம் கையில் இருப்பது எவ்வகை வீடு என்பதை முதலில் அறிய வேண்டும்.

முதல் வகை, உயில் எதுவும் இன்றி வாரிசுகளுக்கு இறங்கிய வீடு. இதற்கு 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். சமணரும் அச்சட்டத்திற்கு உட்பட்டவரே. தந்தையின் தனிச் சொத்தில் மகனும் மகளும் சம பங்கினர். கூட்டுக் குடும்பச் சொத்திலும் 2005ஆம் ஆண்டின் திருத்தம் மகளுக்குப் பிறப்புரிமை அளித்தது. அவ்வுரிமைக்குத் தந்தை 2005இல் உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

இரண்டாம் வகை, குடும்பத்தாரின் நலனுக்காக ஒருவரை அறங்காவலராக நியமித்து, உயில் வழியாகவோ பதிவு செய்த பத்திரம் வழியாகவோ ஒப்படைக்கப்பட்ட வீடு. இதனை ஆள்வது 1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைகள் சட்டம்.

மூன்றாம் வகை, கோயில் பூசைக்கோ கல்விக்கோ ஊர்ப்பொதுவாக எழுதி வைத்த வீடு. 1882ஆம் ஆண்டுச் சட்டம் இதற்குப் பொருந்தாது. இதன் விலைப்பணத்தைக் குடும்பத்தார் பங்கிடுவது என்ற பேச்சே எழலாகாது.

நம் பாடம் இரண்டாம் வகையைப் பற்றியது. எனினும் உடன்பிறந்தார் அனைவரின் சார்பிலும் ஒருவரே அதிகாரப் பத்திரம் பெற்று வீட்டை விற்கும்போது, முதல் வகையிலும் இதே கடமை அவர்மேல் நிற்கிறது.

நியாசாபகாரம்

அடைக்கலம் என்னும் சொல் நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாக ஒப்புவித்தார். பிழை தன்னுடையதன்று எனினும், அடைக்கலம் தன் கைவிட்டுப் போனதை மாதரியால் தாங்க இயலவில்லை. அடைக்கலப் பொருளை வடமொழியில் நியாசம் என்பர். அதனைக் கவர்தல் நியாசாபகாரம்.

தத்துவார்த்த சூத்திரத்தின் 7ஆம் அத்தியாயம் அணுவிரதங்களின் அதிசாரங்களைக் கூறுகிறது. நியாசாபகாரம் அங்கே கள்ளாமை விரதத்தின் குற்றமாக அன்றி, வாய்மை விரதத்தின் குற்றமாக வைக்கப்பட்டுள்ளது. இதற்குக் காரணம் என்ன? பொன்னை ஒப்படைத்தவன் எண்ணிக்கையை மறந்து குறைத்துக் கேட்கிறான். வைத்திருப்பவன் ‘ஆம், அவ்வளவுதான்’ என்று ஒப்புக்கொண்டு அதனைக் கொடுக்கிறான். இதுவே நியாசாபகாரம் என்று பூச்சியபாதர் சர்வார்த்த சித்தியில் விளக்குகிறார். இங்கே பூட்டை உடைத்தவர் இல்லை. கேட்டதை மறுத்தவரும் இல்லை. மற்றவரின் அறியாமைக்கு ஒரு ‘ஆம்’ சொன்னதே குற்றமாயிற்று.

அதே சூத்திரத்தில் இதனை அடுத்து முன்நிற்பது பொய்யாவணம் எழுதுதல். இவ்விரண்டும் அருகருகே நிற்பதன் பொருத்தத்தை வீடு விற்றோர் அறிவர். பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதி மிச்சத்தை ரொக்கமாகப் பெற்றால், அந்த ரொக்கம் எந்தக் கணக்கிலும் ஏறாது. பங்குக்கு உரியவர் அதனைக் காணவும் மாட்டார். முதற்குற்றம் இரண்டாம் குற்றத்திற்கு வாயில் திறந்துவிடுகிறது.

சாவா மூவாப் பேராடு

சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் அளிக்கப்பட்டதையும், அவற்றைப் பெற்றவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க இசைந்ததையும் காண்கிறோம். அவ்வாடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று குறித்தனர். ஆடுகள் மூப்படையும், இறக்கும். ஆயினும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிறைவாக வைத்திருப்பது பெற்றவரின் பொறுப்பு. நெய்யைச் செலவிடலாம், ஆட்டை உண்ணலாகாது. போளூரை அடுத்த திருமலையில், குந்தவை ஜினாலயத்தின் விளக்குக்கு 20 காசும் திருவமுதுக்கு 10 காசும் ஒரு வணிகரின் மனைவி அளித்த செய்தியும் முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டில் உள்ளது. இரு நோக்கங்களுக்கு இரு தொகைகளாக அவ்வம்மையார் பிரித்தே அளித்தார்.

வீடு பணமாக மாறினாலும் அடைக்கலம் அடைக்கலமே என்பதுதான் இவற்றால் நாம் பெறும் பாடம். அறக்கட்டளைச் சொத்து எவ்வடிவமாக மாறினும் பயனாளி அதனைப் பின்தொடரலாம் என்று 1882ஆம் ஆண்டுச் சட்டமும் கூறுகிறது. சாலை விரிவாக்கத்திற்கு வீட்டை எடுத்துக்கொண்டு அரசு தரும் இழப்பீடும் இத்தன்மையதே.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. விற்கும் அதிகாரம் பத்திரத்தில் உண்டா என்று பார்க்க வேண்டும். பத்திரத்தின் கட்டளையை மாற்ற, தகுதியுள்ள பயனாளிகள் அனைவரும் ஒப்ப வேண்டும். சிறுவர் இருப்பின் அவர் சார்பில் முதன்மை உரிமையியல் நீதிமன்றமே ஒப்புதல் தரலாம். நிர்வாகம் பற்றிய ஐயங்களுக்கு அந்நீதிமன்றத்தில் மனு செய்து அறிவுரை பெறவும் வழியுண்டு.

2. விற்கும் பொறுப்புடைய அறங்காவலர் அவ்வீட்டைத் தாமே வாங்கலாகாது. பிறர் பெயரிலும் வாங்கலாகாது.

3. அறக்கட்டளையின் பெயரில் நிரந்தரக் கணக்கு எண்ணும் தனி வங்கிக் கணக்கும் வேண்டும். அறங்காவலர் பலராயின், பத்திரம் வேறு கூறாதவரை, அனைவரும் சேர்ந்தே செயற்பட வேண்டும்.

4. முன்பணமாயினும் முழுப்பணமாயினும் வங்கி வழியாகவே பெற வேண்டும். வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது.

5. பணத்தைப் பத்திரம் அனுமதித்த முதலீட்டிலோ சட்டம் அனுமதித்த முதலீட்டிலோ மட்டும் வைக்க வேண்டும். தம் கடைக்குக் கைமாற்றாக எடுப்பதும், உறவினர் தொழிலுக்கு வட்டிக்கு விடுவதும், தம் பணத்துடன் கலப்பதும் தவறு. கலந்தால், கலந்த மொத்தத்தின் மீதும் பயனாளிக்குப் பற்றுரிமை எழும்.

6. கணக்கு எழுதி, கேட்கும்போது காட்ட வேண்டும். கேளாதவர்க்கும் அனுப்புவது நம் விரதம்.

ஓர் எடுத்துக்காட்டு

திண்டிவனத்தில் ஒரு வீடு இருப்பதாகக் கொள்வோம். தந்தையின் உயிலின்படி மூத்த மகன் அறங்காவலர்; வீட்டை விற்கவும் பணத்தை வங்கி வைப்பில் இடவும் அவருக்கு அதிகாரம் உண்டு. வருவாய், தாயின் ஆயுள் வரை தாய்க்கு. பின்னர் முதல் மூன்று சம பங்காக மூத்த மகனுக்கும், மகளுக்கும், காலமான இளைய மகனின் சிறுவனுக்கும். வீடு 60,00,000 ரூபாய்க்கு விற்கிறது.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ ஆயின், வாங்குபவர் 1 விழுக்காட்டை வரியாகப் பிடித்துச் செலுத்துவார். இங்கே அது 60,000 ரூபாய். தரகுக்கு மேலும் 60,000 ரூபாய். பழைய வீடாதலால் 2001 ஏப்ரல் 1ஆம் நாளின் நியாய மதிப்பை அடக்க விலையாகக் கொள்ளலாம்; அது 9,40,000 ரூபாய் எனில் ஆதாயம் 50,00,000 ரூபாய். 2024 ஜூலை 23 முதல் நடப்பிலுள்ள 12.5 விழுக்காட்டின்படி வரி 6,25,000. 4 விழுக்காட்டு மேல்வரியுடன் 6,50,000 ரூபாய். வேறு சலுகை கிடைக்குமா என்பதைப் பட்டயக் கணக்கர் கூறுவார். தரகும் வரியும் போக நிற்பது 52,90,000. மூத்தவர் கூரையைச் செப்பனிட்டதற்கு ரசீதுடன் 1,40,000. வழக்கறிஞர், ஆவணச் செலவு 50,000. எஞ்சும் முதல் 51,00,000 ரூபாய். இதுவே சாவா மூவா ஆடு. ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டி எனக் கொண்டால், தாய்க்கு மாதம் 29,750 ரூபாய் சேரும். தாய்க்குப் பின் ஒவ்வொரு பங்கும் 17,00,000 ரூபாய்.

இப்போது சோதனை வருகிறது. தங்கை கணக்கைக் கேட்கவில்லை. ‘அண்ணா, எனக்கு ஒரு பத்து லட்சம் வருமா?’ என்கிறார். அவருடைய திருமணத்திற்கு அண்ணன் அலைந்ததை இருவரும் மறக்கவில்லை. அண்ணன் ‘வரும்’ என்று மட்டும் சொன்னால் அது பொய்யன்று. ஆயினும் அது நியாசாபகாரம். ‘பத்து அன்று அம்மா, பதினேழு, இதோ கணக்கு’ என்பதே வாய்மை. முழுத்தொகையை அறிந்தபின் தங்கை மனமுவந்து விட்டுக்கொடுக்க விரும்பினால், தம் சார்பில் தனியே ஒரு வழக்கறிஞரைக் கலந்து செய்யட்டும். அப்பங்கை அறங்காவலரே விலைக்கு வாங்க வேண்டுமாயின் நீதிமன்ற அனுமதி தேவை. சிறுவனின் பங்கையோ எவரும் விட்டுக்கொடுக்க இயலாது. அவனுடைய தாய் கண்ணீருடன் ‘சரி’ என்றாலும் அது அவனது ஒப்புதல் ஆகாது.

ரசீது இல்லாத செலவுகளை என் செய்வது? அவற்றைத் தனித்தாளில் எழுதி அனைவர் முன்னும் வைப்போம். ஒப்பினால் பெறுவோம், ஒப்பாவிடில் பெற்றோருக்குச் செய்த பணியெனக் கொள்வோம்.

பல ஆண்டுகள் கடந்தால் யார் கேட்கப் போகிறார்கள் என்று எண்ணுவோர் உளர். கடனுக்குக் காலவரம்பு உண்டு. ஆனால் அறங்காவலர் கையிலுள்ள சொத்தையும் அதன் விலைப்பணத்தையும் கணக்கையும் கேட்கும் வழக்கு எத்தனை ஆண்டு கடந்தாலும் காலாவதி ஆகாது என்று 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 10ஆம் பிரிவில் கூறுகிறது. வினைக் கணக்கும் அவ்வாறே என்பதை நாம் சிறுவயது முதல் கேட்டு வருகிறோம்.

வீட்டில் கூடிச் சிந்திக்க:

நம் குடும்ப வீடு மூவகையில் எவ்வகை? அதன் பத்திரத்தைக் கடைசியாகப் படித்தவர் யார்? அதில் பங்குடையவருள், தம் பங்கு எவ்வளவு என்று அறியாதவர் எவரேனும் உளரா? உளராயின், அவர் கேட்குமுன் நாமே சென்று சொல்வோம்.