ஆன்டிபயாட்டிக்கும் நம் வயிறும்: ஐந்து நம்பிக்கைகள், ஐந்து உண்மைகள்

"அண்ணே, காய்ச்சலும் சளியுமா இருக்கு. போன தடவை குடுத்தீங்களே, அதே மாத்திரை மூணு நாளைக்குக் குடுங்க." சென்னையை அடுத்த திருமழிசையின் மருந்துக் கடைகளில் சாயங்கால வேளையில் சாதாரணமாகக் கேட்கும் பேச்சு இது. சிட்கோ தொழிற்பேட்டையில் தினக்கூலிக்குப் போகிறவர் ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போய்விடும். அவருடைய அவசரம் நியாயமானது. ஆனால் அந்த மாத்திரை பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக்காக இருந்தால், சளியைத் தீர்க்காது. குடலில் நமக்காக உழைக்கும் பாக்டீரியாக்களை அழித்து, மருந்துக்குக் கட்டுப்படாதவை பெருக இடம் தரும். மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களால் 2019-இல் மட்டும் உலகில் நேரடியாக ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. எனவே சில நம்பிக்கைகளைச் சரிபார்த்தே ஆகவேண்டும்.

நம்பிக்கை 1: அடிக்கடி மாத்திரை போடுகிறவர்களுக்குத்தான் மருந்து பழகிப்போகும். நான் போடுவதே இல்லை, எனக்குக் கவலையில்லை.

உண்மை: மருந்துக்குப் பழகுவது உடம்பு அல்ல, பாக்டீரியா. மருந்தில் சாகாமல் தப்பியவை பெருகுகின்றன. தப்பிக்கும் வித்தையைக் கற்றுத்தரும் மரபணுவை, பிளாஸ்மிட் என்ற சிறிய டி.என்.ஏ. வளையத்தின் வழியே, பக்கத்தில் இருக்கும் வேறு வகை பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடுகின்றன. கழுவாத கை, கழிவுநீர், உணவு என்று பல வழிகளில் இவை பரவும். மாத்திரையே தொடாதவர் குடலுக்கும் வந்து சேரும்.

நம்பிக்கை 2: பிராய்லர் கோழி சாப்பிடுகிறவர்களுக்குத்தான் ஆபத்து, சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இல்லை.

உண்மை: கோழி சீக்கிரம் எடை கூடுவதற்காகத் தீவனத்தில் கலக்கப்பட்ட கொலிஸ்டின், மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் மருந்து. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதைக் கொடுக்க 2019 ஜூலையில் மத்திய அரசு தடை விதித்தது. அந்தத் தடைக்கு முன்பே, சென்னையில் வாங்கிய உணவுப் பொருள்களைத் தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர் குழுவினர் சோதித்தபோது, கோழி, மீனில் மட்டுமல்ல, காய்கறி, பழங்களிலும் கொலிஸ்டினுக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்கள் இருந்தன. 2020 கொரோனா ஊரடங்கின்போது கோயம்பேடு காய்கறிச் சந்தை சில மாதங்கள் திருமழிசையில்தான் நடந்தது. ஒரு கட்டுக் கீரை எத்தனை கை, எத்தனை தண்ணீர், எத்தனை தரை கடந்து வீட்டுக்கு வருகிறது என்பது இந்த ஊருக்குத் தெரியும். இதற்காகக் காய்கறியை விட்டுவிட வேண்டாம். கீரையை ஆய்ந்து மூன்று நான்கு தண்ணீரில் அலசி, நன்றாக வேகவையுங்கள்; வெந்தால் பாக்டீரியா சாகும். பச்சையாகச் சாப்பிடும் வெள்ளரி, கொத்தமல்லிக்குக் கூடுதல் கவனம் தேவை. கறி நறுக்கிய பலகையில் அப்படியே வெங்காயம் நறுக்காதீர்கள்.

நம்பிக்கை 3: மாத்திரையோடு தயிர் சாப்பிட்டால் குடல் சரியாகிவிடும்.

உண்மை: தயிர், மோர் நல்ல உணவு. புளித்த உணவுகள் குடல் பாக்டீரியாக்களின் வகைகளைப் பெருக்குவதாக 2021-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 36 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது. ஆனால் ஆன்டிபயாட்டிக் முடித்ததும் நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாட்டிக் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் பழைய பாக்டீரியாக்கள் திரும்ப வருவது தாமதமானதாக, 2018-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தின் சிறிய ஆய்வில் தெரிந்தது. இன்னொன்றும் உண்டு: சிப்ரோஃபிளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகளைப் பாலோடும் தயிரோடும் விழுங்கினால், கால்சியம் பிடித்துக்கொண்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது. எவ்வளவு இடைவெளி விடுவது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

நம்பிக்கை 4: சாப்பாட்டுக்கும் மருந்து எதிர்ப்புக்கும் சம்பந்தமில்லை.

உண்மை: அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானிகள் 290 ஆரோக்கியமானவர்களின் குடல் பாக்டீரியாக்களை ஆராய்ந்து 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். பலவகை உணவோடு நார்ச்சத்தை, அதிலும் கரையும் நார்ச்சத்தை அதிகம் சாப்பிட்டவர்களின் குடலில் மருந்தை எதிர்க்கும் மரபணுக்கள் குறைவாக இருந்தன. ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் கூடுதலாக இருந்தன. இவை நார்ச்சத்தைப் புளிக்கவைத்து அமிலங்களை உண்டாக்குகின்றன. மருந்தை எதிர்க்கும் மரபணுக்களைச் சுமக்கக்கூடிய ஈ. கோலை போன்ற பாக்டீரியாக்கள் தலைதூக்க அந்த அமிலச் சூழல் இடம் தராது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாசிப்பயறு, கொள்ளு, அவரை, கொத்தவரை, வாழைத்தண்டு, முருங்கைக்கீரை, கொய்யா, கம்பு, கேழ்வரகு என்று மாற்றி மாற்றிச் சாப்பிட்டாலே அந்த அளவை எட்டலாம். தட்டு நிறைய வெள்ளைச் சோறும் ஒரு கரண்டிக் குழம்பும் போதாது.

நம்பிக்கை 5: அப்படியானால் கம்பங்கூழும் கீரையுமே போதும், மருந்தே வேண்டாம்.

உண்மை: 290 பேரிடம் நடந்த அந்த ஆய்வு காட்டியது ஒரு தொடர்பை மட்டுமே, உணவுதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. நிமோனியா, டைபாய்டு, காசநோய்க்கு மருந்துதான் உயிர் காக்கும். சாதாரண சளி வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. நல்ல சாப்பாடு குடலைக் காக்கும் துணை. தேவையற்ற மாத்திரையின் கெடுதலை அது ஈடுகட்டாது.

மாத்திரை அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாத மருந்து. அந்தக் கோட்டைப் பார்த்தால் சீட்டைக் காட்டி வாங்குங்கள். சொன்ன அளவு, சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். மிச்ச மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். நாளை உங்கள் பிள்ளைக்கு அந்த மருந்து வேலை செய்யவேண்டுமானால், இன்று அதைத் தேவையில்லாமல் தொடக்கூடாது.