பிஞ்சு வயதில் மதுக் கிண்ணம்

ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்திருந்த புக்கிட் பாஞ்சாங்கில் இன்று அடுக்குமாடி வீடுகளே நிறைந்துள்ளன. ஆயினும் தோட்டத்துக் கல்யாணப் பந்தலில், "ஒரு மடக்குக் குடித்துப் பார், தம்பி" என்று சிற்றப்பா நீட்டிய கிண்ணம் அங்கேயும் குடியேறிவிட்டது. சிங்கப்பூரில் 18 வயது நிரம்பாதவருக்குக் கடையில் மது விற்பது குற்றம். மலேசியாவில் 2017 டிசம்பர் முதல் அவ்வயது 21. கடைக்காரரைக் கட்டுப்படுத்தும் சட்டம் நம் வீட்டுக் கூடத்தை எட்டிப் பார்ப்பதில்லை.

நன்மை தீமைகளை எடைபோடும் முன்மூளை ஏறத்தாழ 25 வயது வரை வளர்கிறது. மது அவ்வளர்ச்சியைக் குலைக்கக்கூடும். பழக்கமும் எளிதில் வேரூன்றும். கள்ளச் சாராயமோ இன்னும் கொடியது. அதில் கலக்கப்படும் மெத்தனால் உடலுக்குள் பார்மிக் அமிலமாக மாறுகிறது. ரப்பர்ப் பாலை உறையவைக்க நாம் ஊற்றும் அதே அமிலந்தான்! அது கண் நரம்பை அழிக்கும், உயிரையும் பறிக்கும். 2024 ஜூனில் தமிழகத்துக் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

குடித்த பிள்ளை எழுப்பியும் எழாவிடில், "தூங்கித் தெளியட்டும்" என்று விட்டுவிடலாகாது. கடுங்காப்பியும் குளிர்ந்த நீரும் போதையை இறக்கமாட்டா. வாந்தி மூச்சுக்குழலை அடைக்காதவாறு ஒருக்களித்துப் படுக்கவைத்து, அருகிலேயே இருந்து, சிங்கப்பூராயின் 995, மலேசியாவாயின் 999 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும்.